ஆற்றில் இறங்குமுன்: வாசகர் கேள்வி – பதில்

கோடை முடிந்து மாரி தொடங்குமுன் ஊரவர்கள் சேர்ந்து தங்கள் ஆறுகளையும் வாய்க்கால்களையும் துப்புரவாக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவை கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு, அருவியாறு ஆகியவற்றின் கரைகளில் வாழ்பவர்களிடமிருந்து வந்தவை. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்பளவு ரப்பர் காற்சட்டை அணிந்து, அயலவர்களுடன் ஓர் ஓடைக்குள் இறங்கி வேலை செய்கிறாளாம். ட்ரவுட் என்னும் மீனுக்காகச் செய்யும் வேலை என்கிறாள். அவள் அனுப்பிய படங்களில் எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய மரத்துண்டை ஆற்றுக்குள் இறக்கி முளையடித்துக் கட்டுகிறார்கள். இங்கே நாங்கள் சிரமதானம் செய்தால் ஆற்றில் கிடக்கும் மரத்தை முதலில் இழுத்து வெளியே போடுவோம். அவர்கள் ஏன் மாறாகச் செய்கிறார்கள்?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, உங்கள் மகள் அனுப்பிய படத்தை நீங்கள் கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆகவே சற்று நீட்டியே விடை சொல்கிறேன்.

ட்ரவுட், குளிர்ந்த தெளிந்த நீரில் வாழும் மீன். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டினால் அது சோர்ந்துபோகும். பெண் மீன் வாலால் அடித்துப் பருக்கைக் கற்களிடையே பள்ளம் பறித்து முட்டையிட்டு, மறுபடியும் கற்களால் அதை மூடிவிடும். கற்களின் இடுக்கு வழியே நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டைக்கு உயிர்வாயு கிடைக்கும். கரை இடிந்தோ, மாடுகள் மிதித்தோ, உழுத வயலிலிருந்து கழுவுண்டோ வரும் வண்டல் அந்த இடுக்குகளை அடைத்துவிட்டால், மேலிருந்து பார்ப்பவருக்கு ஆறு அழகாகத் தோன்றினாலும், அடியிலே முட்டைகள் மூச்சு முட்டி அழிந்துபோகும். அதனால் ட்ரவுட் ஓடையைத் திருத்தப் புறப்படுகிறவர் மீனைவிட வண்டலையும் நிழலையும் நீரின் ஓட்டத்தையும் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்.

முன்பு அங்கும் வெள்ளம் தடையின்றி ஓட வேண்டும் என்று கருதி, விழுந்த மரங்களை அகற்றி, வளைவுகளை நேராக்கி, ஓடையை வாய்க்கால் போல ஆக்கிவிட்டார்கள். அப்படிச் செய்த இடங்களில் நீர் ஒரே ஆழத்தில், ஒரே வேகத்தில் ஓடியது, மீனுக்கு ஒதுங்க இடம் இல்லாமற்போனது. குறுக்கே ஒரு மரத்துண்டு கிடந்தால் நீர் அதைச் சுற்றிச் சுழித்து ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டும், இன்னோரிடத்தில் பருக்கைக் கல்லைக் கழுவிச் சுத்தமாக்கும், மரத்தின் பின்னே அமைதியான ஓரத்தில் வண்டலைப் படியவிடும். இவ்வளவு வேலையையும் ஒரு மரமே செய்துவிடுகிறது. உங்கள் மகளும் அவருடைய தோழர்களும் முன்பு பிடுங்கப்பட்டதைத் திருப்பி வைக்கிறார்கள். இலண்டனின் தெற்கே ஓடும் வாண்டில் என்னும் சிற்றாறு ஒருகாலத்தில் ட்ரவுட்டுக்குப் பேர்போனது. 1960களில் அது கழிவுக் கால்வாய் என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தது. தொண்டர்கள் ஆண்டுக்கணக்காக இறங்கிக் குப்பை அள்ளியும், பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டிகளில் பொரிக்க வைத்த குஞ்சுகளை விட்டும் அதை மீட்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் மிச்சிகன் மாநிலத்தின் ஓ சேபிள் ஆற்றங்கரையில் 1959 இல் கூடிய தூண்டிற்காரர்கள் தொடங்கிய 'ட்ரவுட் அன்லிமிட்டெட்' என்னும் அமைப்பு இன்றுவரை இதே பணியைச் செய்கிறது.

நம்முடைய ஆறுகளில் ட்ரவுட் இல்லை. ஆண்டில் பாதிக்கு மேல் ஓடும் நீரும் இல்லை. ஆனால் 'மடு' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. கோடையில் மணல் வெளுத்துக் கிடக்கும் ஆற்றில், வளைவோரத்தில் மருதமர வேரின் கீழே நீர் வற்றாமல் கிடக்கும் பள்ளம் அது. இரணைமடு என்ற பெயரே இரண்டு மடுக்களைக் குறித்து வந்தது என்பார்கள். விராலும் கெளிறும் குறவையும் கோடையைக் கழிப்பது அந்த மடுக்களில்தான். மாரியில் முதல் வெள்ளம் வந்ததும் அங்கிருந்தே அவை மேலும் கீழும் பரவுகின்றன. மடுவைத் தோண்டி வைத்திருப்பது வேரிலும் விழுந்த மரத்திலும் மோதிச் சுழிக்கும் நீர்தான்.

இதை நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன். இளைஞனாக இருந்தபோது ஊரில் சிரமதானம் என்றால் முன்வரிசையில் நிற்பேன். ஒரு முறை, எங்கள் குளத்துக்கு நீர் கொண்டுவரும் சிற்றாற்றை நானூறு முழம் வரையில் 'வடிவாக்கினோம்': கரையிலிருந்த நாணலையும் பற்றையையும் வெட்டினோம், விழுந்துகிடந்த மரங்களை உழவு இயந்திரத்தால் இழுத்தோம், வேர்களைக் கோடரியால் தறித்தோம். அன்று மாலை அது பார்க்க மிக அழகாக இருந்தது. அந்த மாரியில் இரண்டாவது பெருமழைக்கு மேற்குக் கரை வண்டில் அகலத்துக்குச் சரிந்தது. அந்த மண் முழுவதும் போய்க் குளத்தின் அலைகரையில் படிந்தது. அடுத்த கோடையில் அங்கிருந்த மடு கணுக்கால் ஆழத்துக்கு வந்துவிட்டது. முன்பு அந்த மடுவில் தூண்டில் போடும் முதியவர் ஒருவர் கரையில் வந்து நின்று பார்த்துவிட்டு, எங்களிடம் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போனார். அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, பாலத்தின் கண்ணையோ மதகையோ துருசையோ அடைத்துக்கொண்டு கிடக்கும் மரத்தை எடுங்கள், ஏனென்றால் அது வீதியையும் குளக்கட்டையும் உடைக்கும். நடு ஆற்றில், யாருக்கும் இடைஞ்சலின்றி மணலுக்குள் பாதி புதைந்து கிடப்பதை விட்டுவிடுங்கள். உங்கள் மகளிடம், அங்கே மீன் முட்டையிடும் காலத்தில் பருக்கைக் கல் மீது கால் வைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்களா என்று கேட்டுப்பாருங்கள். நிச்சயம் சொல்லியிருப்பார்கள். இங்கும் அதற்கு ஈடான காலம் உண்டு. புதுவெள்ளத்தில் மீன் ஏறும் நாட்களில், மதகின் வாயில் பறி வைத்துச் சினை மீனை அள்ளும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

கேள்வி: எங்கள் இளைஞர் கழகத்தில் நாற்பது பேர் இருக்கிறோம். இரண்டு உழவு இயந்திரங்களும் பெட்டிகளும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கனகராயன் ஆற்றின் ஒரு பகுதியைத் துப்புரவாக்க விரும்புகிறோம். யாரிடம் அனுமதி பெற வேண்டும், எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– ஓர் இளைஞர், கிளிநொச்சி

பதில்: தம்பி, சேமமடுப் பக்கமாகத் தொடங்கி, இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் கடனீரேரியில் சேரும் ஆறு அது. சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். நீங்கள் ஆற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பொலித்தீன் பையும் அங்கே பறவைகளின் வாய்க்குப் போகாமல் தடுக்கப்படுகிறது.

முதலில் கிராம அலுவலரிடமும் அந்தப் பகுதிக் கமக்காரர் அமைப்பிடமும் பேசுங்கள். பெரிய குளங்களும் அவற்றின் கால்வாய்களும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் இருக்கின்றன. கரை காடாக இருந்தால் வனவளத் திணைக்களத்தின் சம்மதமும் தேவைப்படும். அள்ளிய குப்பையை எங்கே கொட்டுவது என்பதைப் பிரதேச சபையுடன் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். நாள் முழுவதும் அள்ளிய குப்பை கரையிலேயே மூட்டையாகக் கிடந்து, முதல் மழைக்கு மறுபடியும் ஆற்றுக்குள் போனதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து நாற்பது பேருக்கும் வாசித்துக் காட்டுங்கள். வன்னி மண்ணில் 2009 வரை போர் நடந்தது. அதன் பின்னர் மிகப் பெரிய பரப்பு கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் வெள்ளம் மண்ணையும் அதிலுள்ளதையும் இடம் மாற்றும். நீங்கள் வேலை செய்யப்போகும் துண்டில் கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதி செய்துகொள்ளாமல் ஒருவரும் இறங்க வேண்டாம். கரையைத் தோண்ட வேண்டாம். துருப்பிடித்த இரும்பு எதையும் இழுக்க வேண்டாம். ஐயத்துக்கிடமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து, இடத்துக்கு அடையாளம் வைத்துப் பொலிசாருக்கு அறிவியுங்கள். பழைய இரும்பு என்று எடுத்துக் கையிழந்த பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

எலிக்காய்ச்சல் அடுத்த ஆபத்து. அது எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலிலுள்ள சிறு காயம் வழியாக உடலுக்குள் போகும். வேலைக்குச் சில நாட்கள் முன்னதாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்த் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். வயலில் இறங்குபவர்களுக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். வேலை முடிந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் யாருக்காவது காய்ச்சலும் தசைநோவும் வந்தால், ஆற்றில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லட்டும். நாணலுக்குள் கை வைக்குமுன் தடியால் தட்டுங்கள், புடையன் கிடக்கும். கோடையில் முதலையும் மடுவைத் தேடித்தான் வரும், ஆகவே மடுவுக்குள் யாரும் இறங்க வேண்டாம்.

நீங்கள் அதிகம் காணப்போவது களைநாசினி, பூச்சிநாசினிப் போத்தல்கள். வயலோர வாய்க்காலில் கமக்காரர் மருந்தைக் கலக்கி, வெறும் போத்தலை அங்கேயே எறிந்துவிடுகிறார். ஒருமுறை நான் ஒரு மதகடியில் எடுத்த போத்தலின் அடியில் விரற்கடையளவு மருந்து பால் போல் கட்டியாக இருந்தது, அதன் மூடிக்குள் ஒரு சிறு நண்டு செத்துக் கிடந்தது. அவற்றைக் கையுறையுடன் எடுத்து வேறு சாக்கில் போடுங்கள். சிறுவர்களை அந்த வேலையில் விட வேண்டாம். எரிக்கவும் வேண்டாம். போத்தலை வெறுமையாக்கியதும் மூன்று முறை நீர் விட்டு அலசி, அலசிய நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றினால் மருந்தும் வீணாகாது, ஆறும் தப்பும் என்பதைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். நாற்பது பேர் ஒரு நாள் அள்ளுவதைவிட அந்தக் கூட்டத்தில் பேசும் அரை மணித்தியாலம் கூடுதலாகப் பயன் தரும் என்று நம்புகிறேன்.

கேள்வி: அருவியாற்றில் இரவில் மணல் அள்ளுகிறார்கள். எங்கள் தோட்டக் கிணற்று நீர் ஆண்டுதோறும் இறங்கி வருகிறது. குப்பை பொறுக்குவதால் மட்டும் ஆறு பிழைக்குமா?
– ஒரு கமக்காரர், முருங்கன்

பதில்: பிழைக்காது, ஐயா. நீங்கள் கேட்டது முற்றிலும் நியாயம்.

அருவியாறு 164 கிலோமீற்றர் நீளமானது, மகாவலிக்கு அடுத்து இலங்கையின் இரண்டாவது நீண்ட ஆறு. அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்ற பெயருடன் ஓடி, மன்னாரில் கடலில் விழுகிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்புவதும் அதன் நீர்தான். இந்த ஆற்றின் மணல், ஆறு ஓடாத மாதங்களில் நீரைத் தன்னுள் வைத்திருக்கும் பஞ்சு. மேலே காய்ந்திருந்தாலும் இரண்டு முழம் தோண்டினால் ஊற்று வரும். பக்கத்துக் கிணறுகள் அந்த ஈரத்தோடு தொடுப்புள்ளவை. மணலை ஒரு முழம் எடுத்தால் ஆற்றின் அடி மட்டுமல்லாமல் கிணற்றின் நீர்மட்டமும் கூடவே இறங்கும். ஆழமான குழிக்கு மேலே உள்ள கரை அடுத்த வெள்ளத்தில் குழியை நோக்கிச் சரியும், மரங்களும் அதோடு போகும்.

மணல் எடுப்பதற்கு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் தேவை. அனுமதிப்பத்திரத்தில் இடமும் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். இரவில் தனியாகப் போய் டிப்பரை மறிக்காதீர்கள். அப்படிப் போனவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். பகலில் குழியின் ஆழத்தை ஒரு தடியால் அளந்து, திகதியிட்ட படம் எடுத்து, கிணற்று நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பத்துக் கமக்காரர்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு, அந்தக் கொப்பியுடன் பிரதேச செயலாளரையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தையும் நாடுங்கள். அளவு குறித்த முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பது அதிகாரிகளுக்குக் கடினம்.

கேள்வி: துப்புரவாக்கிய பின் ஆறு தேறியிருக்கிறதா என்று எப்படி அறிவது? என் மாணவர்களைக் கொண்டு செய்யக்கூடிய வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, நெடுங்கேணி

பதில்: உண்டு. ட்ரவுட் ஓடைகளில் தொண்டர்கள் மாதந்தோறும் செய்யும் ஒரு சோதனையைச் சிறிது மாற்றி இங்கும் செய்யலாம். அவர்கள் வலையை அடியில் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே காலால் கற்களைக் கிளறி, வலையில் சேரும் புழுபூச்சிகளை எண்ணுகிறார்கள். மாசு வந்தால் மீன் சாவதற்கு முன்பே சில பூச்சிகள் மறைந்துவிடும்.

உங்களுக்கு ஒரு வெள்ளைப் பேசின், தேநீர் வடியின் அளவில் கண் உள்ள ஒரு வலை, ஒரு கரண்டி போதும். முழங்காலுக்குக் கீழே நீர் உள்ள இடமாக, வளர்ந்தவர் ஒருவர் மட்டும் இறங்கி, வேரோரத்தில் வலையை நான்கைந்து முறை இழுத்துப் பேசினில் கவிழ்க்கட்டும். கலங்கல் அடங்கியதும் பிள்ளைகள் குனிந்து பார்க்கட்டும். தும்பியின் நீர்வாழ் குஞ்சு சருகு போல் அசையாமல் கிடந்து, திடீரென்று ஊரும். வாலில் மூன்று மெல்லிய இழைகளை உடைய பூச்சி துடித்து நீந்தும். சிறு இறால்கள் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும். இவை பலவகையாக இருந்தால் நீர் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். இரத்தச் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் அந்த நீரில் உயிர்வாயு குறைந்துவிட்டது. பார்த்து, எண்ணி, எழுதியதும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விடச் செய்யுங்கள். ஒரே இடத்தில், மாரியின் முடிவிலிருந்து ஆறு வற்றும்வரை மாதம் ஒருமுறை செய்தால், இரண்டாம் ஆண்டில் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு பதிவு இருக்கும்.

கேள்வி: நுவரெலியாவில் ட்ரவுட் மீன் இருக்கிறதே. அதை நம் குளங்களிலும் விட்டு வளர்த்தால் என்ன?
– ஒரு மாணவர், வவுனியா

பதில்: அந்த மீன்கள் பிரித்தானியர் 1880களில் தொடங்கி மலைநாட்டுக் குளிர் ஓடைகளில் கொண்டுவந்து விட்டவற்றின் வழியில் வந்தவை. நம் கோடை நீரில் அவை ஒரு நாளும் தாங்கா. அப்படித் தாங்கினாலும் விடக்கூடாது. திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது பலருக்கு உணவு தந்தது உண்மை. ஆனால் ஒருமுறை விட்டதைத் திருப்பி எடுக்க முடியாது என்பதையும் அதுவே காட்டியது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த மீனையும் இரக்கப்பட்டு ஆற்றில் விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் குளத்து வாய்க்கால் முழுவதும் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் மூடியிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் இழுத்துப் போடுகிறோம், மறுபடியும் வருகிறது.
– கமக்காரர் அமைப்பின் செயலாளர் ஒருவர், துணுக்காய்

பதில்: ஆகாயத்தாமரை இங்கே வந்தது 1905 இல். அதை ஒழிப்பதற்கென்று 1909 இலேயே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இவ்வளவு பழைய எதிரியை ஒரு நாள் சிரமதானத்தால் வெல்ல முடியாது. ஆகவே, வாய்க்காலில் நீர் மிகக் குறைந்திருக்கும் ஆவணி, புரட்டாதியில் எடுங்கள். எடுத்ததைக் கட்டின் உட்சரிவில் போடாமல், வெள்ளம் எட்டாத மேட்டில் குவித்து உக்கவிடுங்கள். துண்டு ஒன்று நீரில் மிஞ்சினாலும் அதுவே பெருகும் என்பதால், கீழ்ப்பக்கத்தில் கயிற்றில் மூங்கில் கட்டி மிதக்கவிட்டுத் துண்டுகளை மறியுங்கள். இரண்டு வாரம் கழித்து ஐந்து பேர் மறுபடியும் போய் மிச்சத்தைப் பொறுக்க வேண்டும். இந்த இரண்டாவது நாளைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வாய்க்காலில் ஒவ்வொரு கமக்காரருக்கும் தன் பங்கு இவ்வளவு முழம் என்று பிரித்துக்கொண்டு வெட்டிய பழைய முறை இதற்கு மிகப் பொருத்தமானது. வயல் நீரை மேற்பார்க்கும் வட்டவிதானை வந்து பார்க்கிறார் என்றால் பங்கை வெட்டாமல் யாரும் இருந்ததில்லை. சல்வீனியாவுக்கு, அதை மட்டும் உண்ணும் சிறு வண்டு ஒன்றை 1986 இல் இலங்கையில் விட்டுப் பயன் கண்டிருக்கிறார்கள். அது பற்றி விவசாயத் திணைக்களத்தினரிடம் கேளுங்கள்.

கேள்வி: 2018 மார்கழி வெள்ளத்தில் எங்கள் காணியோரமாக ஆற்றங்கரை இடிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. கல் அடுக்கப் பணமில்லை. மரம் நட்டால் நிற்குமா?
– ஒரு வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: நிற்கும், அம்மா, ஆனால் நட்ட முதல் மூன்று ஆண்டுகள் அதற்குக் காவல் வேண்டும். ஆற்றங்கரைக்கு மருதைப் போல வேறு மரம் இல்லை. வெள்ளத்தில் வேர் மூழ்கி நின்றாலும் அழுகாது, வேர் வலை பின்னிக் கரையைப் பிடித்துக்கொள்ளும். மரத்தடியில் கோடையில் ஐந்து சிறகு வரிகள் உள்ள காய்கள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிச் சில நாட்கள் நீரில் ஊறவைத்துப் பைகளில் போடுங்கள். முளைக்கச் சில வாரங்கள் ஆகலாம், பொறுத்திருங்கள். அவை இடுப்பளவு வளர்ந்தபின், ஐப்பசியின் முதல் மழை மண்ணை நனைத்ததும் நடலாம். இடிந்த விளிம்பில் நடாமல் நாலைந்து முழம் உள்ளே தள்ளி நடுங்கள், ஏனென்றால் அது வேர் பிடிக்கும்வரை விளிம்பு இன்னும் சற்று இடியும். விளிம்பில் நாணலையும் தாழையையும் ஊன்றுங்கள், அவை ஓர் ஆண்டிலேயே பிடித்துவிடும். இடையே புங்கும் நாவலும் இருக்கட்டும்.

கட்டாக்காலி மாடுகள்தான் பெரும் இடர். ஒவ்வொரு கன்றையும் சுற்றி அலம்பல் அடைத்து, மேலே முட்கொப்பு வையுங்கள். மாடுகள் நீர் குடிக்க இறங்க ஓரிடம், சரிவு குறைந்த மணற்பாங்கான இடம், அயலவர்களுடன் பேசித் திறந்து விடுங்கள். இல்லையெனில் அவை அலம்பலை உடைத்துக்கொண்டு இறங்கும். முதல் பெருவெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். சாய்ந்த கன்றை நிமிர்த்தி மண் அணையுங்கள். வேலியில் வந்து சிக்கிய சருகையும் கொப்பையும் எடுக்காமல் விடுங்கள், அதற்குப் பின்னால்தான் அந்த ஆண்டின் புது மண் படிந்திருக்கும்.